சபையில் புதிதாகப் பொறுப்பு ஏற்பவர்களுக்கு: தாழ்மையை எங்கிருந்து தொடங்குவது?

சேகரக் கமிட்டிக்கு (ஊர்ச் சபையை நிர்வகிக்கிற குழு) தேர்ந்தெடுத்துவிட்டார்கள், அல்லது வாலிபர் சங்கச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள், இல்லையென்றால் ஞாயிறு பள்ளிக்கு ஆள் இல்லை என்று உங்களைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். ஏதோ ஒன்று. இனி என்ன செய்வது என்று யோசிக்கிற புதியவர்களுக்குத்தான் இது. பேராயர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, அவர்களும் இதை வாசிக்கப் போவதில்லை.

சபையில் தலைமை என்றதும் எல்லோரும் சொல்வது தாழ்மை. அதைப் பேச்சில் காட்டுவது ரொம்பச் சுலபம். 'நான் ஒன்றுமில்லை, எல்லாம் கர்த்தருடைய கிருபை' என்று மைக்கில் சொல்லிவிட்டு, கணக்கு நோட்டைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் வேதத்தை இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் வாசித்துப் பாருங்கள், தாழ்மை அங்கே பெரும்பாலும் ஓர் ஏற்பாடாகத்தான் வருகிறது. பணத்தை யார் கொண்டு போவது, யார் எங்கே உட்காருவது, வேலையை யாரிடம் பிரித்துக் கொடுப்பது, தப்பைச் சொல்ல வருகிறவருக்கு இடம் இருக்கிறதா, இதெல்லாம்தான். குரலைத் தணித்துப் பேசப் பழகுவதைவிட இவற்றைச் சரிசெய்வது கடினம், அதனால்தான் நாம் குரலைத் தணிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

1. ஒப்புக்கொள்வதற்கு முன்

ஆசைப்படுவதே பாவம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். கண்காணிப்பை, அதாவது சபையை மேற்பார்க்கிற பொறுப்பை, விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் என்றுதான் பவுல் எழுதுகிறார் (1 தீமோத்தேயு 3:1). யாக்கோபும் யோவானும் ஒருவருக்கு வலது பக்கம், ஒருவருக்கு இடது பக்கம் என்று இடம் கேட்டபோது (மத்தேயுவில் அம்மாவே வந்து சிபாரிசு செய்கிறார், அப்படியே நம்ம ஊர்க் கதை) இயேசு அவர்களைத் துரத்திவிடவில்லை. நான் குடிக்கும் பாத்திரத்தில் உங்களால் குடிக்க முடியுமா என்று கேட்டார். மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வந்தது என்று வருகிறதே, அவர்களுக்கும் அதே நாற்காலியின் மேல் கண் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான், உலகத்து அதிகாரிகள் நடந்துகொள்கிற விதத்தைச் சொல்லிவிட்டு, 'உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது' என்கிறார்.

1 தீமோத்தேயு 3-ஐ ஒரு தரம் முழுசாக வாசியுங்கள். கண்காணிக்கு அங்கே சொல்லியிருக்கிற தகுதிகளில் திறமை என்று சொல்லத்தக்கது போதிக்கத் தெரிவது ஒன்றுதான். மற்றதெல்லாம் குடி, கோபம், பண ஆசை, வீட்டை நடத்துகிற விதம், விருந்தோம்பல், சபைக்கு வெளியே இருக்கிற பெயர். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரைப் போட வேண்டாம், தலைக்கனம் வந்துவிடும் என்றும் ஒரு வரி இருக்கிறது. ஆகவே ஒப்புக்கொள்வதற்கு முன் வீட்டில் கேளுங்கள். அப்புறம் ஆபீஸிலோ கடையிலோ உங்களுக்குக் கீழே வேலை செய்கிற ஒருவரிடம், 'என்னோடு வேலை செய்வது எப்படி இருக்கிறது?' என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

தேர்தலில் நின்று வருகிற பொறுப்பு என்றால் இன்னொன்றும் உண்டு. திருமண்டலத் (ஒரு பேராயரின் கீழ் வருகிற சபைகள்) தேர்தல் என்றாலே அணி, நோட்டீஸ், கோர்ட் வழக்கு என்று ஆகிவிட்ட இடங்கள் இருக்கின்றன. எந்த அணியின் செலவில் ஜெயித்தீர்களோ அந்த அணிக்குத்தான் பதவிக்காலம் முழுக்கக் கடன் கட்ட வேண்டியிருக்கும். அப்படி ஒரு சீட்டு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொயரில் பாடிக்கொண்டிருப்பது நல்லது.

2. முதல் சில மாதங்கள்: யாரும் பார்க்காத வேலை

சீஷர்களின் கால்களை இயேசு கழுவியது யோவான் 13-ல் வருகிறது. அதே கடைசி இராப்போஜனத்தில்தான் நம்மில் யார் பெரியவன் என்று அவர்களுக்குள் வாக்குவாதம் வந்தது என்று லூக்கா 22 சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் கழுவும்போது இயேசு இடுப்பில் கட்டியிருந்த துண்டின் கனம் தெரியும். இன்று பெரிய வியாழன் அன்று பல ஆலயங்களில் கால் கழுவுகிற சடங்கு நடக்கிறது, வருகிறவர்கள் வீட்டிலேயே நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருகிறார்கள். சடங்கு இருக்கட்டும், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அது புழுதிக் கால், வேலைக்காரன் செய்கிற வேலை.

உங்கள் சபையில் அந்த வேலை எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்தைப் பராமரிக்கிற கோயில்பிள்ளையோடு கூடவே இருங்கள். பெஞ்சுகளைத் துடைப்பது, பாய் விரிப்பது, புறா எச்சத்தைச் சுரண்டுவது, திருவிருந்துப் பாத்திரங்களைத் துலக்கி வெள்ளைத் துணியால் மூடி வைப்பது, பாட்டு எண் பலகையில் மறுநாள் பாட்டுக்கான எண்களைச் செருகுவது, எல்லாம் அவர் ஒருவரே செய்துகொண்டிருப்பார். அந்தப் பலகையில் ஒன்பதாம் எண் அட்டை தொலைந்து போய் எத்தனையோ நாளாக ஆறைத் தலைகீழாகச் செருகிக்கொண்டிருப்பார், அதைக் கமிட்டியில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். புதிய எண் அட்டைகள் வாங்கிக் கொடுங்கள். சம்பளம் மாதாமாதம் நாள் தவறாமல் கிடைக்கிறதா என்று கேளுங்கள். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட வேண்டாம். பக்கத்துச் சபைக்காரர்கள் பார்த்து உற்சாகமடைவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு காரணம் தோன்றும், அதை நம்ப வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். தாழ்மை என்பதற்காக முடிவெடுக்காமல் நழுவக் கூடாது. கால்களைக் கழுவி முடித்ததும் இயேசு, நீங்கள் என்னைப் போதகர் என்றும் ஆண்டவர் என்றும் சொல்கிறீர்கள், சரிதான், நான் அவர்தான் என்கிறார். பூமியில் எல்லோரையும்விடச் சாந்தமுள்ளவன் என்று வேதம் சொல்கிற மோசேதான் பார்வோன் முன்னால் போய் நின்றார். செயலாளர் நீங்கள், கூட்டத்துக்குத் தேதி குறிக்க வேண்டியவர் நீங்கள். 'எல்லோரும் சொல்கிறபடி செய்யலாம்' என்று மூன்று கூட்டம் இழுத்தடிப்பதைத் தாழ்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பொறுப்பில்லை என்றுதான் சொல்வார்கள்.

3. பணத்தைத் தனியாகத் தொடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் சபை சபையாகப் பணம் சேர்த்தார். அந்தக் கால ஊழியக்காரர்களில் அவரைவிட நம்பத்தக்கவர் யார்? ஆனாலும் தீத்துவோடுகூட, சபைகளே தெரிந்தெடுத்த இன்னொரு சகோதரனையும் அனுப்புகிறார், மேலும் ஒருவரையும் சேர்த்து அனுப்புகிறார். யாரும் எங்களைக் குற்றம் சாட்டாதபடிக்கு, கர்த்தருக்கு முன்பாக மட்டும் இல்லை, மனுஷருக்கு முன்பாகவும் சரியாக இருக்கப் பார்க்கிறோம் என்று காரணமும் சொல்கிறார் (2 கொரிந்தியர் 8:18-22). 'என் மேல் நம்பிக்கை இல்லையா?' என்று அவர் கேட்கவில்லை. நீங்களும் அந்தக் கேள்வியை ஒரு போதும் கேட்காதீர்கள்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையை யாரும் தனியாகத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. வெஸ்டிரியில் (ஆலயத்தை ஒட்டிய அறை) மேஜை மேல் கொட்டி, ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேராவது எண்ண வேண்டும். 500, 200, 100 என்று தனித்தனியாக அடுக்கி, எத்தனை தாள் என்பதையும் தனி வரியில் எழுதிவிட்டால் பிறகு கூட்டலில் சண்டை வராது. ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைப் பிரித்ததும் கவர் மேலேயே தொகையை எழுதுங்கள், கவரைத் தூக்கி எறிய வேண்டாம். பேனாவில் எழுதி எண்ணியவர்கள் கையெழுத்துப் போட வேண்டும், பென்சில் கூடாது. வங்கியில் கட்டுகிற வரை பணம் யார் வீட்டிலும் தங்கக் கூடாது, உங்கள் வீடு உட்பட. இப்போதெல்லாம் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்கள், அது சபையின் கணக்குக்குப் போகிறதா, யாருடைய சொந்த நம்பருக்குப் போகிறதா என்று போனில் பத்து ரூபாய் அனுப்பிப் பாருங்கள். சில இடங்களில் ஆச்சரியம் காத்திருக்கும்.

மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். யாரும் வாசிக்க மாட்டார்கள் என்பார்கள், உண்மைதான், பாதிப் பேர் வாசிக்க மாட்டார்கள். ஆனால் வாசிக்க நினைக்கிறவர் உங்களைத் தேடி வந்து கெஞ்சவேண்டிய நிலை இருக்கக் கூடாது, அதற்காகத்தான். சாமுவேல் வயதான காலத்தில் மொத்த இஸ்ரவேலையும் நிற்க வைத்து, நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருக்கு அநியாயம் செய்தேன், யார் கையில் லஞ்சம் வாங்கினேன், சொல்லுங்கள் என்று கேட்டார் (1 சாமுவேல் 12). அப்படிக் கேட்க வேண்டுமென்றால் நோட்டுப் புத்தகம் முதல் நாளிலிருந்தே சரியாக இருக்க வேண்டும்.

4. வேலையைப் பிரித்துக் கொடுங்கள், முக்கியமாகக் குறை சொல்கிறவர்களிடம்

யாத்திராகமம் 18-ல் மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து வழக்குத் தீர்க்கிறார், ஜனங்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள். பார்க்க வந்த மாமனார் எத்திரோ, 'நீர் செய்கிற காரியம் நல்லதல்ல' என்கிறார். எத்திரோ மீதியானியர், இஸ்ரவேலர்கூட இல்லை, நேற்று வந்தவர். மோசேயோ தேவனோடு பேசுகிறவர். ஆனாலும் கேட்டுக்கொண்டார், ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைத்தார். 'நான் இல்லாவிட்டால் இந்தச் சபையில் ஒன்றும் நடக்காது' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் அந்த அலுப்பை உள்ளுக்குள் ரசிக்கிறார்கள் என்பது என் கருத்து.

அப்போஸ்தலர் 6 இதைவிடக் கூர்மையானது. அன்றாட விசாரிப்பில் எங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று கிரேக்க மொழி பேசுகிறவர்கள் முறையிட்டார்கள். சாப்பாட்டுப் பந்தியில் பாரபட்சம், அதுவும் பாஷை வைத்து. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? முறையிட்டவர்களைக் கலகக்காரர்கள் என்று சொல்லவில்லை, ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. அத்தனையும் கிரேக்கப் பெயர்கள்! யாருக்கு அநியாயம் நடந்ததோ அவர்கள் பக்கத்து ஆட்கள் கையிலேயே சாப்பாட்டுப் பொறுப்பு போனதாகத்தான் தெரிகிறது.

நம் சபைகளுக்கு இது சுடும். பாஷைக்குப் பதிலாகச் சாதியைப் போட்டு வாசியுங்கள். வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்த சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. சுவர் இல்லாத ஆலயங்களிலும் கமிட்டிப் பட்டியலை எடுத்து வைத்து, எந்தத் தெருவிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை என்று பார்த்தால் பல இடங்களில் கதை விளங்கிவிடும். அந்தத் தெருவுக்குப் போய் வீட்டுக்குள் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்து, வேலை இருக்கிறது வாருங்கள் என்று கேளுங்கள். சும்மா நாற்காலி தூக்குகிற வேலை வேண்டாம். பணம் எண்ணுகிற வேலை, வேதபாடம் வாசிக்கிற வேலை, முடிவெடுக்கிற வேலை.

அதே 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், தூத்துக்குடிப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா மேடையேறினார். மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவே இருந்த ஏற்றத்தாழ்வை அவர்கள் முகத்துக்கு நேராகப் பேசிவிட்டு, ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். கூட்டத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். எல்லாவற்றையும் மேலிருந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் மட்டும் உட்காராமல் இருக்க முடியும் என்பதை அவர் 1910-லேயே சொல்லிவிட்டார்.

எனவே அசனம் (சபை விருந்து) நடக்கும்போது கவனியுங்கள். வெஸ்டிரிக்குள் தனியாக மேஜை போட்டு, கறித்துண்டு பார்த்துப் பார்த்துப் போட்ட தட்டு உங்களுக்கு வரும். கமிட்டி ஆட்களுக்கு என்பார்கள். அதை வாங்காமல் பந்தியில் போய் உட்காருங்கள், அதுவும் கடைசிப் பந்தியில், கறி தீர்ந்து குழம்பு மட்டும் வருகிற பந்தியில். மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், அழுக்குத் துணிக்காரனுக்குத் தரை என்று செய்தால் என்ன ஆகும் என்று யாக்கோபு இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. கன்வென்ஷன் பந்தலில் முன்வரிசை சோபாவுக்கும் அது பொருந்தும்.

5. தப்பைக் கேட்பதும் தப்பைச் சொல்வதும்

அந்தியோகியாவில் புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். பவுல் எல்லோர் முன்னாலும் முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2). பேதுரு அதற்கு என்ன சொன்னார் என்று எழுதவில்லை, ஆனால் பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் 'நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்' என்று வருகிறது. பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் வேறு மாதிரி செய்தார்கள். அப்பொல்லோ நன்றாகப் பேசுகிறவர், ஆனால் விஷயம் பாதிதான் தெரியும். மேடையில் வைத்துத் திருத்தாமல் தங்களோடு அழைத்துக்கொண்டு போய் விளக்கிச் சொன்னார்கள் (அப்போஸ்தலர் 18:26).

இதிலிருந்து ஒரு அளவுகோல் எடுக்கலாம். அறியாமையால் வந்த தப்பு என்றால் தனியாகச் சொல்லுங்கள், மத்தேயு 18-ம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. சபையில் ஒரு பகுதியினரை அவமானப்படுத்துகிற தப்பு என்றால் எல்லோர் முன்னாலும் பேசித்தான் ஆக வேண்டும். இரண்டுக்கும் வாட்ஸ்அப் குரூப் சரியான இடம் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் சபை குரூப்பில் எதையும் எழுதாதீர்கள், வசனம்கூட வேண்டாம், அந்த நேரத்து வசனம் பெரும்பாலும் யாரையோ குத்தத்தான் போடப்படுகிறது.

உங்களைப் பற்றி யாராவது குறை சொல்ல வந்தால் முதல் பதிலாக 'அப்படியா, இன்னும் சொல்லுங்கள்' என்று மட்டும் சொல்லிப் பழகுங்கள். விளக்கம் மறுநாள் கொடுக்கலாம். ரெகொபெயாம் ராஜா முதியவர்களிடம் ஆலோசனை கேட்டார், இந்த ஜனத்துக்கு இன்று நீர் சேவகனாக இருந்தால் அவர்கள் என்றைக்கும் உமக்குச் சேவகர்களாக இருப்பார்கள் என்றார்கள். அதைத் தள்ளிவிட்டுத் தன்னோடு வளர்ந்த வாலிபர்கள் சொன்னதைக் கேட்டார், பத்துக் கோத்திரங்கள் கையை விட்டுப் போயின. நம்மைப் போலவே யோசிக்கிற நாலு நண்பர்களிடம் கேட்பது ஆலோசனையில் சேராது.

இங்கே கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. பிள்ளைகள் மேல் பாலியல் அத்துமீறல் நடந்தது என்று தெரிந்தால், 'முதலில் தனியாகப் போய்ப் பேசு' என்று மத்தேயு 18-ஐக் காட்டி யாரையும் அடக்காதீர்கள். போக்சோ சட்டம் 2012-ல் வந்தது, விஷயம் தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்று அது சொல்கிறது. சபையின் பெயர் கெடும், ஐயர் (போதகர்) பாவம், தாழ்மையாக மன்னித்துவிடு என்று பாதிக்கப்பட்டவரிடம் சொல்கிறவர்கள் தாழ்மையை ஆயுதமாக எடுக்கிறார்கள். 1 பேதுரு 5-ஐப் பாருங்கள், தங்களிடம் ஒப்படைத்த மந்தையை இறுமாப்பாய் ஆளக் கூடாது என்று முதலில் மூப்பர்களுக்குத்தான் சொல்லியிருக்கிறது, இளைஞர்கள் கீழ்ப்படிவதைப் பற்றிய வரி அதற்கு அப்புறம்தான் வருகிறது. நம் பிரசங்கங்களில் இந்த வரிசை அடிக்கடி மாறிவிடுகிறது.

6. இறங்குவதற்கு முதல் வருஷத்திலேயே தயாராகுங்கள்

யோவானின் மூன்றாம் நிருபம் ரொம்பச் சின்னது, அதிலே தியோத்திரேப்பு என்று ஒருவர் வருகிறார். 'முதன்மையாயிருக்க விரும்புகிற' என்று ஒரே ஒரு அடைமொழிதான் கொடுத்திருக்கிறது. யோவானை ஏற்றுக்கொள்ளவில்லை, வந்த சகோதரர்களைச் சேர்க்கவில்லை, சேர்க்கிறவர்களையும் சபைக்கு வெளியே தள்ளினார். அவர் தவறான உபதேசம் செய்ததாக அங்கே எதுவும் இல்லை. ஞாயிறுதோறும் நல்ல பிரசங்கம்கூடப் பண்ணியிருக்கலாம், யார் கண்டார்கள்.

அந்தப் பாதையில் போகாமல் இருக்கச் சில காரியங்கள். பொறுப்பேற்ற வருஷத்திலேயே உங்களைவிட வயது குறைந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு மினிட் புத்தகம் எழுதக் கற்றுக்கொடுங்கள். உங்களைவிட அவர் நன்றாக எழுதினால் அதை எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள், வாய் வராது, இருந்தாலும் சொல்லுங்கள். எல்தாதும் மேதாதும் பாளயத்தில் தீர்க்கதரிசனம் சொன்னபோது அவர்களைத் தடுக்க வேண்டும் என்றார் யோசுவா, எனக்காக நீ பொறாமைப்படுகிறாயா, கர்த்தருடைய ஜனங்கள் எல்லோருமே தீர்க்கதரிசனம் சொன்னால் நல்லது என்றார் மோசே.

பதவிக்காலம் முடியும்போது ஒப்படைக்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: பீரோ சாவி (மாற்றுச் சாவியும்), மினிட் புத்தகம், ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், வங்கிக் கையெழுத்து மாற்றும் படிவம், வாட்ஸ்அப் குரூப் அட்மின், ஆராதனை ஒளிபரப்பாகிற யூடியூப் சேனலின் பாஸ்வேர்டு. கடைசியாகச் சொன்னதைத்தான் அதிகம் பேர் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பேர் கையெழுத்தோடு ஒப்படையுங்கள்.

அடுத்த ஞாயிறு வழக்கமான முன்பெஞ்சில் உட்காராமல் நடுவில் எங்காவது இடம் பாருங்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் யாராவது ஓடி வந்து, 'அண்ணாச்சி, உங்க காலத்துல இப்படியா இருந்துச்சு?' என்று ஆரம்பிப்பார்கள். புதுச் செயலாளர் அங்கேதான் நிற்கிறார், அவரிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.